பாலம் வரைக்கும் பாடம்

எங்கள் பள்ளியில் கைபேசியைப் பிடுங்கி வைப்பதில் பேர் போனவள் நான்தான். பையில் வைத்திருந்தாலும் சரி, பாவாடை மடிப்பில் வைத்திருந்தாலும் சரி, எனக்கு எப்படியோ தெரிந்துவிடும். பிடுங்கினால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டும். பிள்ளைகள் இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்ட நான், தினமும் முதல் பீரியடில் என் கைபேசியையே சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோ காலில் பாடம் நடத்தினேன் என்றால் பழைய மாணவிகள் சிரிப்பார்கள்.

எனக்கு அந்த வீடியோ கால் சமாசாரத்தின் மேலேயே நல்ல அபிப்பிராயம் கிடையாது. தி.நகரில் கடை வைத்திருக்கும் பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தாள். கொடுத்ததைப் பயன்படுத்த வேண்டும் அல்லவா? வெளிநாட்டில் இருக்கும் ஆராய்ச்சியாளர் ஒருவரை வீடியோ காலில் கூப்பிட்டுக் கோட்டைகளைப் பற்றிப் பேசவைத்தார்கள். பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்களோடு மனிதர் உட்கார்ந்தார். இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். திரை முழுக்க அவருடைய பல் வரிசைதான் தெரிந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதற்கு நானே நன்றாகக் கத்துவேனே என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நான் சரித்திரம் நடத்துகிறவள். மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. ஆதம்பாக்கத்திலிருந்து தினமும் வந்துபோகிறேன். என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் என்ன சொன்னாலும் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டவேண்டும். கேள்விப்பட்டேன், படத்தில் பார்த்தேன், எங்கள் தெருவில் சொன்னார்கள் என்பதெல்லாம் நடக்காது. "எங்க போட்டிருக்கு, காட்டு" என்பேன். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதற்கே அதைத்தான் சொன்னார்கள். மதியம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி எங்கே போட்டிருக்கிறது, காட்டு என்பாள்.

நான் வீடியோ காலில் பாடம் நடத்தியது ஒரே ஒரு பெண்ணுக்காக. ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவள். என்னையே திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் பாட்டுக்கு ஏதோ ஒரு ராஜாவைப் பற்றி உற்சாகமாக இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து கை உயரும். எந்தப் பக்கம் மிஸ் என்பாள். கோபம் வரும், என்ன செய்வது? சட்டம் போட்டவள் நான். புத்தகத்தைப் புரட்டி, இல்லை என்று ஒப்புக்கொள்வேன். அவள் சிரிக்காமல் உட்காருவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டது கிடையாது.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது வீடு போய்விட்டது. அடையாற்றுப் பாலத்துக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்த வீடுகளை எடுத்தார்கள். லாரி வந்தது, சாமான்களை ஏற்றியது, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கியது. கரையைச் சரிசெய்து முடித்ததும் இங்கேயே பக்கத்தில் வீடு கட்டித் திரும்பக் கூட்டி வருவோம் என்று அன்றைக்கு யாரோ மைக்கில் சொன்னாராம். யார் சொன்னார், என்ன உத்தியோகத்தில் இருக்கிறவர் என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. சொன்னது மட்டும் தெரியும்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் அம்மா மகளைப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. கூட இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து டிசி வாங்கிக்கொண்டு போயின. இவள் அம்மா வாங்கவில்லை. திரும்பி வரத்தானே போகிறோம், எதற்கு நடுவில் ஒரு ஸ்கூல் என்றாள். பாலம் தாண்டி இருக்கும் அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவள் அதையும் விடவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து, லிஃப்ட் ஓடாத நாளில் மாடிக்குத் தூக்கி, அதற்கப்புறம் அம்மாவும் மகளும் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள். ஓஎம்ஆர் சாலை முழுக்க மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து வரும். பாலம் தாண்டி முதல் நிறுத்தத்தில் அம்மா இறங்குவாள். மகள் மயிலாப்பூர் வந்து சேரும்போது முதல் பீரியட் முடிந்து மணி அடித்திருக்கும்.

வருகைப் பதிவு முதல் பீரியடில்தான் எடுப்பது. வகுப்பாசிரியை நான் என்பதால் அந்த பீரியட் சரித்திரம். தினமும் அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவேன். பதில் வராது. சிவப்பு மையில் போட வேண்டியதைப் போடுவேன். ஒரு மாதம் இப்படிப் போனதும் தலைமையாசிரியை கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதே, குழந்தை ஏன் இப்படிப் பஸ்ஸில் வதைபட வேண்டும், டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்களேன் என்றார். நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் சுரீரென்றது. ஸ்மார்ட் போர்டில் பல்லைக் காட்டிக்கொண்டு உறைந்து நின்றவரை வகுப்புக்குள் விட்டோமே, பஸ்ஸில் வருகிற பிள்ளையை ஏன் விடக்கூடாது என்று கேட்டேன். வாய்க்கொழுப்பில் கேட்டது. அதற்கு அவர், அரையாண்டு வரைக்கும் பார்க்கலாம், உங்கள் போனிலேயே செய்யுங்கள், வேறு யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மணி அடித்ததும் நானே கூப்பிடுவேன். பஸ்ஸில் அம்மாவின் கைபேசியை மகள் பிடித்துக்கொண்டிருப்பாள். என் கைபேசி சாக்பீஸ் டப்பாவில் சாய்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேர் கூப்பிட்டதும் "உள்ளேன் அம்மா" என்று பஸ்ஸிலிருந்து சத்தம் வரும். முதல் நாள் பஸ்ஸே சிரித்தது கேட்டது. பெருங்குடி வரும்போது படம் நின்று நின்று வரும். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே கேள்விக்குப் பதில் சொல்வாள். வகுப்பு முழுவதும் சிரிக்கும். கண்டக்டருக்குக்கூடப் பாடம் பழகிவிட்டதாம். நேற்று யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் ஜெயித்தார்கள் என்று காலையில் ஏறும்போதே விசாரிப்பாராம். அவள் அம்மா பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். முந்தானையும் ஒரு பக்கத்துக் காதும்தான் எங்களுக்குத் தெரியும்.

பாலம் வந்ததும் அவள் கைபேசியை வெளிப்பக்கமாகத் திருப்புவாள். யாரும் திருப்பச் சொல்லவில்லை. முதல் தடவை அது தெரியாமல் நடந்தது என்று நினைத்தேன். மறுநாளும் திருப்பினாள். ஆறு தெரியும், கரை தெரியும், கரையில் வரிசையாக நிற்கும் நீலத் தகட்டு வேலி தெரியும். "அங்கதான் மிஸ் எங்க வீடு" என்று ஒரே ஒரு நாள் சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை, திருப்புவதோடு சரி. பாடம் நடுவில் அறுபடுவது எனக்கு ஆகாது. ஆனாலும் அந்தப் பாலம் போய் முடியும்வரை நான் எதுவும் பேசமாட்டேன். பிள்ளைகளும் பேசமாட்டார்கள். பாலம் தாண்டினால் அம்மாவின் நிறுத்தம். கைபேசி அம்மாவோடு இறங்கிவிடும். மீதிப் பாடத்தை அவள் வந்த பிறகு பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொள்வாள்.

வருகைப் பதிவில் சிவப்பு குறைந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் இரண்டொரு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம், விடாத மழை. அன்றைக்குத் தொழிற்புரட்சிப் பாடம். ஆலைகள் எப்படி வந்தன, அந்த ஆலைகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நடத்திக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஊர்ப்பொதுவாக இருந்த நிலத்தையெல்லாம் வசதி படைத்தவர்கள் வேலி போட்டு அடைத்துக்கொண்டார்கள், அதில் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் பிழைத்த ஜனங்கள் பிழைப்புக்கு வழியில்லாமல் நகரங்களுக்குப் போனார்கள் என்று சொன்னேன். இந்தப் பாடம் எனக்குப் பிடித்தமானது. கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, சுற்றிலும் வேலி வரைந்து, வேலிக்கு வெளியே குச்சி குச்சியாக மனிதர்களையும் வரைந்தேன். பஸ் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது. மகளின் குரல் இல்லை.

"டீச்சர், ஒன்னு கேக்கலாமா?"

திரையில் முதல் தடவையாக அம்மாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. மகளின் கையிலிருந்து கைபேசியை வாங்கியிருந்தாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. கேளுங்கள் என்றேன்.

"வேலி போட்டப்போ வெளிய போனாங்களே அந்த ஜனங்க, அவங்க அப்பால திரும்பி வந்தாங்களா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்தது. நீலத் தகட்டை நானும் தினமும் பார்த்தவள்தானே. ஆனால் வகுப்பு முழுவதும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் சரித்திரத்தை மாற்றிச் சொன்னதில்லை. யாரோ ஒருத்தர் மனசு நோகுமே என்று நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. அதற்கு நான் வேறு பாடம் எடுக்கப் போயிருக்கலாம்.

"இல்லம்மா, வரல," என்றேன். "ஆலை வேலைக்குப் போனவங்க அங்கயே தங்கிட்டாங்க. நெலம் அவங்களுக்குத் திரும்பக் கெடைக்கல."

"சரி டீச்சர்," என்றாள்.

பஸ் நகர்ந்தது. அன்றைக்குப் பாலத்தின் மேல் கைபேசியை யாரும் வெளியே திருப்பவில்லை. பஸ்ஸின் கூரையும் கம்பியும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு இணைப்பு நின்றது. நான் கரும்பலகையில் இருந்த வேலியை அழித்துவிட்டு அடுத்த தலைப்பை எழுதினேன்.

அடுத்த வாரம் அம்மா பள்ளிக்கு வந்தாள். வேலை செய்யும் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். டிசி கேட்டாள்.

நான் பதறிப்போய்விட்டேன். அவளைப் படிக்கட்டுப் பக்கம் தனியாக அழைத்துக்கொண்டு போய் என்னென்னவோ சொன்னேன். அது வேறு தேசம், வேறு காலம், இங்கே நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள், அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருந்தால் எழுந்து நிற்க வைத்திருப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு என் மேல் துளிக்கூடக் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லார்கிட்டயும் கேட்டுகினுதான் இருந்தேன் டீச்சர். நான் வேல செய்ற வூட்டம்மாகிட்ட கேட்டேன், கட்சி ஆளுங்ககிட்ட கேட்டேன். வரும், வரும், பாக்கலாம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நேரா சொன்னீங்க. இனிமே இத பஸ்ல இட்டுகினு அலைய வேணாம். அங்கயே சேத்துடறேன்."

மகள் கொஞ்சம் தள்ளித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வகுப்புக்குள் போகவில்லை. பை தோளிலேயே இருந்தது. அம்மா அலுவலக அறைக்குள் போனதும் நான் அவளிடம் போனேன். நன்றாகப் படி, புதுப் பள்ளியிலும் இப்படியே கேள்வி கேள் என்று எல்லா டீச்சரும் சொல்வதைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வந்தாங்கனு சொல்லியிருக்கலாம்ல மிஸ்," என்றாள்.

என்ன சொன்னாலும் அது பொய்யாக இருக்கும், இல்லாவிட்டால் கொடுமையாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா காகிதத்தோடு வெளியே வந்தாள். இருவரும் ஒரே குடையில் போனார்கள்.

அதற்குப் பிறகு முதல் பீரியட் எனக்குக் கசந்துபோனது. பதிவேட்டில் அவள் பேருக்கு மேல் கோடு போட்டார்கள். கூப்பிடும்போது அந்த இடத்தில் நாக்கு தடுக்கும். கைபேசியைப் பழையபடி பையிலேயே வைத்துவிட்டேன். தலைமையாசிரியை ஒருநாள் வழியில் நிறுத்தி, அந்தக் குழந்தைக்கு அதுதான் நல்லது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். எனக்கு யார் மேலும் கோபப்படத் தெரியவில்லை. மைக்கில் சொன்ன ஆள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். முகம் தெரியாத ஆள் மேல் எவ்வளவு நாள்தான் கோபப்படுவது? நான் சொன்ன பதில் சரியா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ராத்திரி சோறு இறங்காததற்கு அது மருந்தாகவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த சில நாளில், முதல் பீரியட் நடுவில் என் பைக்குள் கைபேசி அடித்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பிடுங்குகிறவளின் போனே அடித்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அணைக்கத்தான் எடுத்தேன். வீடியோ கால். அவள் அம்மா. பஸ்ஸில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் பேசினாள். புதுப் பள்ளியில் சரித்திரத்துக்கு இன்னும் டீச்சர் போடவில்லையாம். அந்த பீரியடில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். மகளை என்னிடம் பேசச் சொன்னால் பேசமாட்டேன் என்கிறாளாம்.

"உங்க மேல கோவமா கீது. நான் எப்டியும் டெய்லி இந்த பஸ்லதான் வரேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க டீச்சர், நான் கேட்டுகினு போய் அதுக்குச் சொல்றேன்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி, நான் கேட்காமலே சாக்பீஸ் டப்பாவை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள். தலைமையாசிரியை கொடுத்த அனுமதி அரையாண்டோடு முடிந்துவிட்டது என்று எனக்கு ஞாபகம் வந்தது. கைபேசியைச் சாய்த்து வைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா தினமும் வீடியோ காலில் வருகிறாள். கரும்பலகையைப் பார்த்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பேர்களில் தடுமாறுவாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள், சொல்வேன். பாலத்தின் மேல் வரும்போது கைபேசியை அவளே வெளியே திருப்புகிறாள். நீலத் தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே செடி வைத்திருக்கிறார்கள். அவளுடைய நிறுத்தம் வந்ததும் நான் பாடத்தை அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். மீதி நேரம் பிள்ளைகள் எழுதுவார்கள். பாடம் பின்தங்குகிறது. தலைமையாசிரியை கேட்கப் போகிறார், கேட்கட்டும்.

போன வாரம் ஒருநாள், இறங்குவதற்கு எழுந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மகள் ஒன்று கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மறந்தே போனேன் என்றாள்.

"அந்த ஜனங்க திரும்பி வர்லனு சொன்னீங்களே, அது எந்தப் பக்கத்துல போட்டுகீதுனு கேட்டுகினு வரச் சொல்லிச்சி டீச்சர். அதோட புக்குல தேடிப் பாத்துச்சாம், காணோமாம்."

நான் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். தொழிற்புரட்சிப் பாடம் கையோடு வந்தது. வேலி போட்டார்கள் என்று இருந்தது. ஜனங்கள் நகரங்களுக்குப் போனார்கள் என்று இருந்தது. அடுத்த பத்தியில் நீராவி இயந்திரம் வந்துவிட்டது. முன்னும் பின்னும் பார்த்தேன். வகுப்பே காத்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றேன். "புக்குல போடல."

"போடலியா?" என்றாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று பார்ப்பதற்குள் பஸ் நின்றுவிட்டது. போடவில்லை என்று மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.